அமரர் சி. சு. செல்லப்பாவும் 'எழுத்து' சஞ்சிகையும்



எமது மலரின் இந்தப் பக்கத்தில் அடியார்கள், அறிஞர்கள், தலைவர்கள் எனப் பலருடைய வாழ்க்கை வரலாறுகள் வந்திருக்கின்றன. இம்முறை ஒரு சஞ்சிகைக்காரரைப் பற்றி எழுத முனைகின்றோம். அவர் பெயர் சி. சு. செல்லப்பா. ஏறு தழுவுதலைப் பற்றிய 'வாடிவாசல்' என்ற சிறு நாவலை எழுதியவர் என்று பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1959 தொடக்கம் 1970 வரை 'எழுத்து' என்ற ஏட்டைச் சென்னையில் ஏறக்குறையத் தனியொருவராக நடத்தியவர் என்பது சிலருக்கே தெரியும்.

நாம் தொழிலால் கணக்காளர். இலக்கியத்தின் தரம் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆனால் சஞ்சிகை என்பது காகிதம், அச்சுக்கூலி, தபால் முத்திரை, சந்தாக் காசு ஆகியவற்றாலும் ஆனது. அந்தப் பக்கத்தை இலக்கியகாரர் அதிகம் எழுதுவதில்லை. அதனால் இந்தத் துணிவு.

முதலில் ஒரு சொந்தக் கதை. யாழ்ப்பாணத்தில் எமது மாமா ஒருவரின் அலுமாரி அடித்தட்டில் சணல் கயிற்றால் கட்டிய பழைய சஞ்சிகைக் கட்டொன்று இருந்தது. அதில் சில 'எழுத்து' இதழ்களும் இருந்தன. சிறுவராக இருந்த எமக்கு அவற்றைப் புரட்டியபோது பெரிய ஏமாற்றம். பகிடி இல்லை, தொடர்கதைக்குப் பெண் படம் இல்லை. நெருக்கமாகக் கோத்த அச்செழுத்தும், சென்னை திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெரு என்ற முகவரியுமே நினைவில் நின்றன. பிள்ளையார் கோயில் என்றபடியால் அது ஏதோ சமயச் சஞ்சிகை என்றே எண்ணியிருந்தோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரு சைக்கிளில் அரிசியும் படிப்புச் சான்றிதழ்களும் அம்மம்மாவின் மருந்துப் பெட்டியும் ஏறின. கட்டு அலுமாரியிலேயே இருந்துவிட்டது. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. அந்தக் கட்டில் இருந்தது என்னவென்று சரியாக அறிந்துகொள்ள எமக்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

செல்லப்பா அவர்கள் 1912 செப்டெம்பர் 29ஆம் திகதி, தாயாரின் ஊராகிய சின்னமனூரில் பிறந்தார். சொந்த ஊர் வத்தலக்குண்டு. பழைய மதுரை மாவட்டத்தின் அந்தச் சிறிய ஊர் தமிழுக்குச் செய்த தொண்டு வியப்புக்குரியது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் அந்த ஊர். 'மணிக்கொடி'யைச் சிறுகதை ஏடாக நடத்திய பி. எஸ். ராமையா அந்த ஊர். செல்லப்பாவும் அந்த ஊர். மதுரையில் கல்லூரிப் படிப்பு. காந்தியடிகள் மேல் பற்று, கதர் உடை, 1941இல் சிறைவாசம். இவற்றை அவருடைய தலைமுறையில் பலரும் செய்தார்கள். சுதந்திரம் கிடைத்த பின்பும் அதே மாதிரி வாழ்ந்தவர்கள் குறைவு. செல்லப்பா கடைசிவரை அப்படியே இருந்தார்.

எழுத்தில் அவர் 'மணிக்கொடி'க்காரர். 1933இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'மணிக்கொடி', பின்னர் ராமையாவின் கையில் சிறுகதைக்கென்றே வெளிவந்தது. அதில் வந்த 'சரசாவின் பொம்மை' என்ற கதை செல்லப்பாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 'மணிக்கொடி' நீண்ட காலம் நிலைக்கவில்லை. அது நின்றபோது எழுதியவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். செல்லப்பாவும் 'சந்திரோதயம்', 'தினமணி கதிர்' என்று உத்தியோகம் பார்த்தார். பெரிய பத்திரிகை எப்படி நடக்கின்றது, எந்தப் பக்கத்துக்கு எதைப் போட்டால் விற்பனை கூடுகின்றது என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நட்டப்பட்டவர் அல்லர் அவர். இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம், ஏனெனில் அவரைப் பற்றி எழுதுவோர் சிலர் அவரை உலகம் தெரியாத சாமியாராகக் காட்டிவிடுகிறார்கள்.

1950களில் தமிழ்நாட்டில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. 'ஆனந்த விகடன்', 'கல்கி', 'குமுதம்' என்று பெருந்தொகையாக விற்றன. ஒரு கதையை எடுத்து, அது ஏன் நல்லது, எங்கே பிசகியது என்று ஆறு பக்கம் எழுதினால் அதைப் போட அங்கே இடம் கிடையாது. ஆசிரியரைப் புகழலாம், அல்லது சும்மா இருக்கலாம். செல்லப்பாவுக்கு விமர்சனம் என்பது கதையைப் பிரித்துப் பார்ப்பது. அலசல் என்று அதற்குப் பெயர் சொன்னார். அந்த அலசலுக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் 1959 ஜனவரியில் 'எழுத்து' முதல் இதழைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 46. மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. பின்னால் பணக்காரர் எவரும் இல்லை, கட்சியும் இல்லை.

இனி எமது தொழிலுக்கு வருகின்றோம்.

'எழுத்து' இரண்டு விதிகளோடு பிறந்தது. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை. கடைகளில் தொங்கவிட்டு விற்பதில்லை, வேண்டியவர் சந்தா கட்டிப் பெற வேண்டும். வியாபாரம் படித்த எவருக்கும் இது தலைகீழாகவே தோன்றும். விற்பனைக்கு உச்சவரம்பு வைக்கும் வியாபாரி எங்கேயாவது உண்டா?

கடை விற்பனையை விலக்கியதில் மட்டும் நாம் அவர் பக்கம். கடைக்குப் போகும் பிரதிக்கு ஏஜென்டுக்குக் கழிவு கொடுக்க வேண்டும். விற்காத பிரதி அழுக்காகத் திரும்பி வரும். விற்ற பிரதிக்குரிய காசு மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வரும், வராமலும் போகும். அச்சகக்காரருக்கும் காகிதக் கடைக்காரருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. சிறிய சஞ்சிகைகள் பல இறந்தது வாசகர் இல்லாமல் அல்ல, வெளியூர்க் கடைகளில் தங்கிப்போன காசினால்தான். சந்தா முறையில் காசு முன்னால் வந்துவிடும்.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. ஜனவரியில் ஒருவர் வருடச் சந்தா கட்டினால் அந்தக் காசு வருமானம் அல்ல, கடன். ஒவ்வோர் இதழையும் தபாலில் போடும்போது அந்தக் கடனில் பன்னிரண்டில் ஒரு பங்கு தீருகின்றது. புதிதாகச் சஞ்சிகை தொடங்குபவர் ஜனவரியில் கையில் காசைக் கண்டு நல்ல காகிதம் வாங்குவார், அட்டைக்கு இரண்டு நிறம் போடுவார். புரட்டாதி மாதம் வரும்போது வாசகருக்கு இன்னும் நாலு இதழ் கடன் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. இதைத் தாண்டுவதற்கு இரண்டே வழி. சந்தாதாரர் தொகை வருடாவருடம் ஏற வேண்டும், அல்லது வேறெங்காவது இருந்து காசு வர வேண்டும்.

'எழுத்து'க்குச் சந்தாதாரர் ஏறவில்லை. இரண்டாயிரம் என்ற உச்சவரம்பின் பக்கத்திலும் போகவில்லை. ஆகவே அந்த வரம்பு நடைமுறையில் எதையும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அது ஓர் அறிவிப்பு. எமக்கு இலட்சம் பேர் வேண்டாம், வாசித்து மறுமொழி எழுதக்கூடிய சிலர் போதும் என்று வாசலில் எழுதி வைத்தது போல. அதில் கொஞ்சம் வீறாப்பும் உண்டு என்று நாம் கருதுகின்றோம். அக்காலத்தில் அவருக்குக் கணக்கு எழுதும் வாய்ப்பு எமக்குக் கிடைத்திருந்தால், அந்த வரியை எடுத்துவிடும்படி மன்றாடியிருப்போம். அவர் கேட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் மற்றக் காசு எங்கிருந்து வந்தது? அவருடைய தோளிலிருந்து. 'எழுத்து பிரசுரம்' என்ற பெயரில் நூல்களும் வெளியிட்டார். 'வாடிவாசல்' 1959இல் அப்படி வந்ததுதான். அந்த நூல்களைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேராசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். ஆசிரியரே எழுதி, அச்சுப்படி திருத்தி, பொதி கட்டி, தபாலில் சேர்த்து, சுமந்து விற்றார். எங்களூரில் இதற்கு ஒப்பாகச் சொல்லக்கூடியவர் டொமினிக் ஜீவா அவர்கள். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, யாழ்ப்பாணத் தெருக்களில் தாமே கொண்டு திரிந்து விற்றவர். அவரைக் கண்ட எம்மவர்களுக்குச் செல்லப்பாவைக் கற்பனை செய்வது கடினமல்ல.

வீட்டு நகையும் இந்த ஏட்டுக்காகப் போயிற்று என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எமக்கு மனம் ஒருப்படுவதில்லை. கணக்குப் புத்தகத்தில் முதலீட்டாளர் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. 'எழுத்து'வின் முதல் முதலீட்டாளர் அந்த வீட்டு அம்மையார்தான். சஞ்சிகையின் அட்டையில் அவர் பெயர் கிடையாது. இலாபத்தில் பங்கு கேட்க இலாபமே கிடையாது. செல்லப்பாவைப் போற்றுகின்ற கட்டுரைகள் இதைத் தியாகம் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. யாருடைய தியாகம் என்று கேட்க வேண்டும். அகதியாக வந்த இடத்தில் தாலிக்கொடியை ஈடு வைத்துப் பிள்ளையின் பள்ளிக் காசு கட்டிய தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். நகை என்பது என்னவென்று அவர்களிடம் கேட்டால் தெரியும்.

இவ்வளவு செலவுக்கும் கிடைத்தது என்ன?

முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கவிதை வந்தது. யாப்பை விட்டு எழுதிய கவிதை. 'மணிக்கொடி' காலத்தில் பிச்சமூர்த்தி செய்து பார்த்த முயற்சி, கவனிப்பாரின்றிக் கிடந்தது. 'எழுத்து' அதை மறுபடியும் எடுத்து வெளிச்சத்தில் வைத்தது. அதைப் படித்த இளைஞர்கள் தாங்களும் அப்படி எழுதலாம் என்று கண்டுகொண்டார்கள். அதே வருடம் மார்ச் இதழில் நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதினார். சேலம் பக்கத்திலிருந்து சி. மணி, திருவனந்தபுரத்திலிருந்து நகுலன், சென்னையில் எஸ். வைதீஸ்வரன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வடக்கே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த வெங்கட் சாமிநாதன், காரசாரமான விமர்சனக் கட்டுரைகளோடு வந்தார். 1962இல் 24 பேருடைய 63 கவிதைகளைத் திரட்டிச் செல்லப்பா 'புதுக்குரல்கள்' என்று வெளியிட்டார். இன்று தமிழில் எவரும் எழுதும் புதுக்கவிதைக்கு அதுதான் முதல் தொகுப்பு நூல். மரபுப் பண்டிதர்கள் சிரித்தார்கள். பத்து வருடத்துக்குள் கல்லூரி மாணவர் எல்லோரும் அப்படியே எழுதத் தொடங்கினார்கள். அதில் பதர் மிகுதி என்று குறைப்பட்டவர்களுள் 'எழுத்து'க்காரர்களும் அடக்கம்.

எமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. திருகோணமலையில் தருமு சிவராமு என்று ஓர் இளைஞர். 1939இல் பிறந்தவர். இலங்கையிலிருந்து தபாலில் 'எழுத்து'க்கு எழுதினார். 1960இல் அவருடைய கவிதை அச்சாகத் தொடங்கியபோது வயது இருபது. கவிதை மட்டுமல்ல, மூத்த எழுத்தாளர்களை எடைபோடும் கட்டுரைகளும் எழுதினார். செல்லப்பா அவற்றைப் போட்டார். கடல் கடந்து வந்த ஒரு கடித உறை, அனுப்பியவருக்குச் சென்னையில் ஆள் தெரியாது, பரிந்துரை கிடையாது. ஒரு பெரிய பத்திரிகைக் காரியாலயத்தில் அந்த உறைக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையார் கோயில் தெருவில் அதை ஒரு மனிதர் பிரித்து, முழுவதும் வாசித்து, அடுத்த இதழுக்கு எடுத்து வைத்தார். பிரமிள் என்று பின்னர் அறியப்பட்ட அந்தத் திருகோணமலைக்காரர் 1997இல் தமிழ்நாட்டில் காலமானார். தமிழின் பெருங்கவிஞர் வரிசையில் இன்று அவர் பெயர் இருக்கின்றது. பிற்காலத்தில் அவர் தமக்கு இடங்கொடுத்தவர்களையும் விட்டுவைக்காமல் சாடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செல்லப்பா தொடங்கி வைத்த அலசல், சுற்றி வந்து செல்லப்பாவிடமே வந்தது.

நாம் வந்த நாட்டில் முதல் மூன்று வருடம் எமக்கு நிலையான முகவரி இருக்கவில்லை. கடிதம் எழுத ஆள் இருந்தும் எங்கே மறுமொழி போடச் சொல்வது என்று தெரியாத காலம். அதனால்தானோ என்னவோ, 'எழுத்து'வைப் பற்றி யோசிக்கும்போது கவிதைக்கு முன் அந்த முகவரிதான் நினைவுக்கு வருகின்றது. பதினொரு வருடம் அது மாறவில்லை.

நண்பர்கள் மாறினார்கள். விமர்சனத்தில் தோளோடு தோள் நின்ற க. நா. சுப்ரமண்யம் அவர்களுக்கும் செல்லப்பாவுக்கும் வழி பிரிந்தது. க. நா. சு. ரசனையை நம்பியவர், செல்லப்பா அலசலை நம்பியவர். க. நா. சு. 'இலக்கிய வட்டம்' என்று சொந்தமாக ஓர் ஏடு நடத்தினார். 1968இல் சி. மணியும் நண்பர்களும் 'நடை' தொடங்கினார்கள். 1970இல் 'கசடதபற' வந்தது. ஒரு கடையில் வேலை பழகியவர் அடுத்த தெருவில் கடை போடுவது போலத்தான். வியாபாரத்தில் அது நட்டம், சஞ்சிகை உலகில் அதற்கு வேறு பெயர் சொல்லலாம்.

'எழுத்து' கடைசிக் காலத்தில் மாதம் தவறாமல் வர முடியாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகச் சுருங்கி, 1970இல் நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட இதழ்கள். 'ஜீவனாம்சம்' என்ற அவருடைய நாவல் அதில்தான் தொடராக வந்தது. கைம்பெண் ஒருத்தியின் நினைவோட்டத்திலேயே நகரும் கதை. 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்ற நல்ல நூலும் அங்கு எழுதியவற்றிலிருந்து உருவானது.

ஏடு நின்ற பிறகு அவர் இன்னும் 28 வருடம் இருந்தார். அதில் பெரும்பகுதி மௌனமாகத் தோன்றினாலும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். தம் ஊர்க்காரர் ராமையாவின் சிறுகதைகளை மட்டும் அலசிப் பெரியதொரு நூல் எழுதினார். பரிசுகளையும் பாராட்டுக்களையும் ஏற்க மறுப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார்.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் 'விளக்கு' என்ற அமைப்பை ஏற்படுத்தி, புதுமைப்பித்தன் பெயரில் ஒரு விருதை நிறுவி, முதல் விருதுக்குச் செல்லப்பாவைத் தெரிந்தார்கள். வறுமையில் இருந்த முதியவருக்கு வெளிநாட்டுக் காசு. அவர் காசாக வாங்க மறுத்தார். அந்தத் தொகைக்குத் தமது நூலொன்றை அச்சிட்டுத் தரும்படி கேட்டுக்கொண்டார். 'என் சிறுகதைப் பாணி' அப்படி வெளிவந்தது. புலம்பெயர்ந்தவர்களாகிய நாம் ஊருக்குக் காசு அனுப்புவதில் பழகியவர்கள். கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கிணறு இறைக்க என்று அனுப்புகின்றோம். காசை வேண்டாம் என்று சொல்லி அச்சுக்கூலியைக் கேட்டவர் எமக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

1997இல், 85 வயதில், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். மதுரைப் பக்கத்து விடுதலைப் போராட்டக் காலத்தைப் பற்றிய பெரிய நாவல். அந்த வயதிலும் காகிதமும் அச்சும் அவர் பொறுப்பு. மறுவருடம், 1998 டிசம்பர் 18ஆம் திகதி சென்னையில் காலமானார். அந்த நாவலுக்கு 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதமி விருது கொடுக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை.

'வாடிவாசல்' இப்போது பல பதிப்புகள் கண்டுவிட்டது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்திருக்கின்றது. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் எமது மூத்த மகள் அதை ஒரே இருப்பில் வாசித்து முடித்துவிட்டு, பிச்சி என்ற இளைஞன் தகப்பனைக் கொன்ற காளையைப் பிடிக்க இறங்கியதும், கடைசியில் ஜமீன்தார் செய்த காரியமும் சரியா பிழையா என்று இரண்டு நாள் எம்முடன் வாதாடினாள். கதையை இங்கே சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. தமிழ்ப் பிரதி ஒன்றையும் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் கோயில் வாசிகசாலையில் கொடுத்திருக்கின்றோம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருபவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு எடுத்துச் செல்லலாம்.